ரிவைவ் குடுங்க மாமா

"வன்முறை வீடியோ கேம்களும் இளைய தலைமுறையும்" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இந்தத் தலைப்பில் பேசத் தயாரிப்பு எதற்கு? "எங்க காலத்துல" என்று வாயைத் திறந்தால் போதும், மீதி தானே வந்து விழும். இருந்தாலும் மேடை மேடைதான். கிள்ளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, உரக்கப் படித்துப் பார்த்தேன்.

"நாங்கள் மண்ணில் விளையாடினோம். மரத்தில் ஏறினோம். உப்பனாற்றில் நீந்தினோம். அடிதடி என்றால் என்னவென்றே அறியாமல், ஒருவரையொருவர் நேசித்து வளர்ந்தோம்."

திண்ணையின் மறுகோடியில் இரண்டு பேர். ஒருவன் அக்கா மகன், பத்தாம் வகுப்பு; காதில் இயர்போன், கையில் போன், ஐம்பது பேர் குதித்த ஒரு தீவில் துப்பாக்கி தேடிக்கொண்டிருந்தான். இன்னொருவன் என் சிநேகிதன், முடசல்ஓடைக்காரன். விடியலில் கரை திரும்பி, மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, எங்கள் அம்மாவுக்கென்று ஒரு பையில் கொஞ்சம் இறாலோடு வந்து டீக்குக் காத்திருந்தான். படித்து முடித்ததும் அவன் இடது புருவத்தைத் தூக்கினான். அந்தப் புருவம் நடுவில் மயிர் முளைக்காமல் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

"நேசிச்சியா?" என்றான்.

பேச்சு அந்த வரியோடு நின்றுவிட்டது.

1984 கோடை விடுமுறை. ரயிலடிக்குப் பக்கத்துப் பொட்டலில் கில்லி. பூவரசங் கம்பில் நானே சீவிய புள். இரண்டு முனையும் ஊசி மாதிரி. அப்படிச் சீவினால்தான் எகிறும் என்பது எங்கள் தொழில்நுட்பம். எகிறியது. அவன் பிடிக்க நிமிர்ந்தான். கண்ணுக்கு அரை அங்குலம் மேலே போய்க் குத்தி நின்றது. ரத்தம் கன்னத்தில் இறங்கி மோவாயில் சொட்டும்போதுகூட அவன் அழவில்லை, நான்தான் அழுதேன். என் அம்மா ஓடிவந்து ஒரு கை காப்பித்தூளை அள்ளிப் புருவத்தில் அப்பினாள். அடுத்த கையில் விளக்குமாறு, அது எனக்கு. சாயங்காலம் அவன் அப்பா முடசல்ஓடையிலிருந்து நான்கு ஆட்களோடு வந்துவிட்டார். பெரியவர்கள் கூடிப் பேசி எனக்கு ஓர் அபராதம் போட்டார்கள். அது இன்றளவும் நடப்பில் இருப்பதால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு தாளை எடுத்து, உண்மையில் நாங்கள் என்னதான் விளையாடினோம் என்று எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத எனக்கே கிலி பிடித்தது.

முதலில் ஓணான். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானைப் பிடித்து, தாத்தாவின் மட்டையிலிருந்து திருடிய மூக்குப்பொடியை அதன் வாயில் திணிப்போம். அது கிறுகிறுத்துச் சுற்றும். கைதட்டுவோம். பிறகு கல்லடி. இதில் எங்களுக்கு அணுவளவும் குற்ற உணர்ச்சி கிடையாது. ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். தைக்கால் பக்கத்து முஸ்லிம் பையன்களிடம் வேறொரு கதை இருந்தது. வேதம் வேறாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டதை வன்முறைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. தட்டானைக் கேட்டால் சேர்க்கச் சொல்லும்.

பம்பரத்தில் தோற்றவன் பம்பரம் வட்டத்துக்குள் கிடக்கும். ஜெயித்தவர்கள் வரிசையாக வந்து, ஆணி முனையை அதன் தலையில் இறக்கி ஆக்கர் வைப்போம். புதுப் பம்பரம் என்றால் இன்னும் ஓங்கி. பிளந்தால் பெரிய சந்தோஷம். சொந்தக்காரன் முகத்தைப் பார்ப்பதுதான் விளையாட்டின் சாரமே. கோலியில் தோற்றவன் முட்டியை நீட்ட வேண்டும். கண்ணாடிக் கோலியால் எலும்பில் அடிப்போம். அவன் கையை இழுத்தால் இன்னும் இரண்டு.

ரசாயன ஆயுதமும் எங்களிடம் இருந்தது. பிச்சாவரத்துக் காட்டில் சுரபுன்னையோடு சேர்ந்து தில்லை மரமும் நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வை போகும். இதைச் சொல்லித்தான் எங்களை அந்தப் பக்கம் போகாதே என்றார்கள். நாங்கள் ஒரு கிளையை ஒடித்து வந்து, எதிரிக் கட்சிக்காரன் முகத்துக்கு நேரே ஆட்டி, "குடுடா என் கோலிய" என்போம். கொடுத்துவிடுவான்.

பிறகு மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் அஞ்சு பைசா வைப்பது. அலுமினியக் காசு ரயில் போனபின் இலை மாதிரி ஆகிவிடும். காசில் ஆரம்பித்தவர்கள் ஒரு நாள் கருங்கல்லுக்குப் போனோம். கேங்மேன் பார்த்துவிட்டார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாற்பது வருஷம் கழித்து இந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் முதன்முதலாக யோசித்தேன்.

செத்துச் செத்துப் பிழைப்பதும் இன்று கண்டுபிடித்த சங்கதி இல்லை. சடுகுடுவில் தொட்டவுடன் "செத்துட்டான்" என்போம். செத்தவன் கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கட்சிக்காரன் ஒரு ஆளைச் சாய்ப்பானா என்று வாய் பார்த்திருப்பான். சாய்த்தால் "உசுரு வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்வான். அக்கா மகன் போனைப் பார்த்து, "ரிவைவ் குடு, ரிவைவ் குடு" என்று கெஞ்சுவது முதலில் எனக்கு அபசகுனமாகத்தான் பட்டது. அப்புறம்தான் அது எங்கள் உசுரு என்று புரிந்தது.

கத்திச் சண்டைக்கு எங்களுக்குத் தனித் தகுதி இருந்தது. 1975-ல் வந்த 'இதயக்கனி' பிச்சாவரத்தில் எடுத்த படம். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறை ஆட்களில் எம்.ஜி.ஆரைப் படகில் பார்க்காதவர் எவரும் இல்லை. எல்லோரும் பார்த்திருந்தால் படகு முழுகியிருக்கும் என்பது வேறு விஷயம். பனைமட்டையைச் சீவிக் கத்தி செய்துகொண்டு பொட்டலில் இறங்கினால், சண்டைக்கு முன்னால் ஒரு சண்டை நடக்கும்: நம்பியார் யார்? யாருக்கும் நம்பியாராக விருப்பமில்லை. எம்.ஆர்.ராதாவுக்கு அதைவிடக் கிராக்கி குறைவு. அவர் 1967-ல் எம்.ஜி.ஆரை நிஜமாகவே சுட்டவர், அந்த வேஷம் கட்டினால் வீடு வரைக்கும் துரத்துவார்கள். கடைசியில் ஒருவனுக்கு முறுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி நம்பியாராக்குவோம். பெரும்பாலும் முடசல்ஓடைக்காரன்தான். அவனுக்கு முறுக்கு பிடிக்கும்.

அக்கா மகனின் கேமில் ஐம்பது பேர், பப்ஜியில் நூறு பேர். அத்தனை பேரும் எம்.ஜி.ஆர். நம்பியாராக ஒருவன்கூட இல்லை. யாரும் யாருக்கும் முறுக்கு வாங்கித் தர வேண்டியதில்லை.

நடுவில் வந்த தலைமுறையை நாலு வரியில் தாண்டிவிடலாம். தொண்ணூறுகளில் டிவியில் சொருகி விளையாடும் கேசட்டில் 'காண்ட்ரா' வந்தது. சட்டையில்லாத இரண்டு பேர் காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள், நடுவில் தண்ணீரில் விழுவார்கள், எங்களுக்கு அது பிச்சாவரம் மாதிரியே இருந்தது. அதன் பிறகு சிதம்பரத்து பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. அன்றைக்கும் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பையன்கள் இன்று ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு விளையாட்டை எழுதவா வேண்டாமா என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் பக்கத்து ஜனங்கள் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்த நாட்கள். ஒரு நாள் அரிசி மூட்டை இறக்கப் போனவன், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தேன். ஒரு பெண் குழந்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவருகிறாள். அவள்தான் அலை. மற்றவர்கள் திண்டிலும் மூட்டையிலும் ஏற வேண்டும். அலை தொட்டவர்கள் மண்ணில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எல்லோரும் படுத்தபின் அலை "எந்திரிங்க, மறுபடியும்" என்றது. எல்லோரும் எழுந்தார்கள். அதிகாரி ஒருவர் போய் அதட்டி நிறுத்தினார். நிறுத்தியிருக்க வேண்டாம் என்று அன்றைக்கே தோன்றியது.

சரி, போனுக்கு வருவோம். அதை வாங்கிக் கொடுத்த வன்முறையாளன் நான்தான். 2020 ஜூன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, பாடம் போனில் வந்தது, அக்கா மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. "தம்பி, புள்ள படிப்பு போவுதுடா" என்று அக்கா போன் பண்ண, மறுநாளே சிதம்பரம் போய் வாங்கி வந்தேன். பாடம் ஒரு மணி நேரம் வந்தது. போன் இருபத்து நான்கு மணி நேரமும் இருந்தது.

அந்தச் செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போனது. தெருவில் தாய்மார்கள் சந்தோஷப்பட்டார்கள், பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி டெல்லியில் யாரோ கவலைப்பட்டுவிட்டார்கள் என்று. காரணம் வேறு: சீனத் தொடர்பு, தகவல் பாதுகாப்பு, நாட்டின் இறையாண்மை. பிள்ளை எத்தனை பேரைச் சுட்டான் என்பதல்ல, சுட்ட விவரம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதே கேள்வி. 2022 பிப்ரவரியில், இவன் ஆடிய ஃப்ரீ ஃபயரும் அதே வழியில் போனது. ஆனால் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' போகவில்லை. பெயரின் வாலில் ஒரு சொல் ஒட்டியிருந்ததால் அது தப்பித்தது; இவன் ஒரே நாளில் குடி மாறிவிட்டான். இதற்கு நடுவே 2021 ஜூலையில் பப்ஜி, பி.ஜி.எம்.ஐ. என்று இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. திருந்தி வந்தது என்றும் சொல்லலாம். ரத்தம் பச்சை நிறம். 'கொன்றான்' என்பதற்குப் பதில் 'முடித்தான்'. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம், நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. இந்தக் கடைசி விதியை முடசல்ஓடைக்காரனுக்குப் படித்துக் காட்டினேன். "நாளைக்கா, மாசத்துக்கா?" என்றான். நாளைக்கு என்றேன். "பெரிய கட்டுப்பாடுதான்" என்று டீயை ஊதினான்.

மேடையில் எடுத்துவிட நாலு ஆராய்ச்சியாவது வேண்டாமா? தேடினேன். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020 மார்ச்சில் தன் பழைய தீர்மானத்தைத் திருத்தியிருக்கிறது. வன்முறை கேமுக்கும், கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டாம். ஆனால் நிஜமான வன்முறைச் செயலுக்கு அதைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லையாம். கத்துவது, தள்ளுவது! சிதம்பரத்தில் சாயங்காலம் கிள்ளை பஸ் ஏறுகிறவர்களை அந்தச் சங்கம் பார்த்ததில்லை. அதற்கு முந்தின வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்பவரும் இன்னொருவரும் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை வைத்துப் பார்த்து, தொடர்பே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கிடையில் நம் ராஜ்கோட்டில், 2019 மார்ச்சில், பப்ஜி விளையாடியதற்காகப் பையன்களைக் கைதே செய்தார்கள். விஞ்ஞானம் மெதுவாகத்தான் வரும், போலீஸ் ஜீப் வேகமாக வந்துவிடும்.

கலிபோர்னியாவில் சிறுவர்களுக்கு இத்தகைய கேம்களை விற்கக் கூடாதென்று போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் ரத்து செய்தது. குழந்தைக் கதைகளில் இல்லாத ரத்தமா, கிழவியை அடுப்புக்குள் தள்ளிக் கொல்லவில்லையா என்று நீதிபதி ஸ்கேலியா கேட்டிருக்கிறார். அவர் நம் பக்கம் வந்ததில்லை. கோயில் தூணில் நரசிம்மர் குடலை உருவி மாலை போட்டிருப்பார். அதன் கீழே உட்கார்ந்து சுண்டல் தின்று வளர்ந்தவர்கள் நாம்.

கேமே இல்லாத காலத்தில் இங்கே என்ன நடந்தது என்று அக்கா மகனுக்குச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் பரங்கிப்பேட்டை, 1781 ஜூலை 1, ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் நடத்திய கும்பினிப் படைக்கும் பெரிய சண்டை. அதற்கு முந்தின மாதம் சிதம்பரம் கோயிலையே கோட்டையாக்கி ஹைதரின் ஆட்கள் உள்ளே இருந்தார்கள். கூட் தாக்கிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினான்.

இயர்போனை ஒரு காதில் கழற்றினான். "எத்தனை பேரு மாமா?"

"ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்குல."

"சர்வர் தாங்குமா?" என்றான்.

கேம் இவனை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. இவன் யாரையும் அடித்ததில்லை, ஓணானைத் தொட்டதில்லை. கரப்பான் வந்தால் ஆயாவைக் கூப்பிடுகிறான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து, நான் திருமணமாகிப் பத்து வருஷம் கழித்துக் கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தை ஒன்று கேட்கிறது. யாரைத் திட்டுகிறாய் என்றால், "டீம்மேட்டு, தெலுங்கு பேசுறான், யாருன்னு தெரியாது" என்கிறான். காலையில் கண் குழிந்து கிடக்கிறது. கேமில் செலவழிக்கும் டைமண்ட் வாங்க அக்காவின் ஜிபேயிலிருந்து எண்ணூறு ரூபாய் போனது. விசாரித்தால், துப்பாக்கிக்குப் புதுச் சட்டை வாங்கினானாம். ஸ்கின் என்று பெயர். உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்று, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. அதில் சுடுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இவ்வளவுதான்.

ஒரு நாள் நானும் ஆடிப் பார்த்தேன். பேச்சாளனுக்கு அனுபவ அறிவு வேண்டும் அல்லவா. விமானத்திலிருந்து குதித்தேன். "மாமா, நூப் மாதிரி வெட்ட வெளியில ஓடாதீங்க, புல்லுல படுங்க" என்றான். படுத்தேன். பிச்சாவரத்துக் கோரையில் ஒளிந்த பழைய ஞாபகம் வந்து சுகமாக இருந்தது. எங்கிருந்தோ டப் என்று ஒரு சத்தம். முழங்காலிட்டுத் தவழ்ந்தேன். "ரிவைவ் குடுங்கடா எங்க மாமாவுக்கு" என்று இவன் யாரையோ கெஞ்சினான். யாரும் வரவில்லை. செத்தேன்.

"என்னைச் சுட்டது யாருடா?"

"யாரோ ஒருத்தன் மாமா."

"எந்த ஊரு?"

சிரித்தான். கேட்கக் கூடாத கேள்வி போலிருக்கிறது. அந்த யாரோ ஒருத்தனை மறுநாள் பால் வாங்கும்போது பார்க்க முடியாது. அவன் அம்மாவிடம் போய்ச் சொல்ல முடியாது. நாலு ஆட்களோடு அவன் அப்பாவும் வர மாட்டார். தவிர, எங்கள் ஆட்டத்தை நிறுத்த எங்கள் மனவுறுதி எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை; இருட்டினால் புள் தெரியாது, "வெளக்கு வச்சாச்சு, வாங்கடா" என்று நாலு வீட்டிலிருந்து நாலு குரல் வரும். இவன் தீவில் பொழுது சாய்வதே இல்லை. எங்கள் அம்மா எண்பது வயதிலும் ஆறு மணிக்குக் குரல் கொடுக்கிறாள். "லாஸ்ட் மேட்ச் ஆயா" என்று இவன் பதில் சொல்கிறான். நான்கு வருஷமாக அது லாஸ்ட் மேட்ச்தான்.

பள்ளிக்குப் போனேன். பேச்சும் நடந்தது. மேடையில் தலைமையாசிரியர், பெற்றோர் சங்கத்தார், முன்வரிசையில் என் அக்கா, எட்டாவது வரிசையில் அவள் மகன். சட்டைப் பையில் இரண்டு தாள். ஒன்றில் ஓணான், தில்லைப் பால், தண்டவாளக் கருங்கல். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, அத்தனை முகங்களையும் பார்த்து, மற்றத் தாளை எடுத்தேன். "நாங்கள் மண்ணில் விளையாடினோம். மரத்தில் ஏறினோம்..." நேசித்து வளர்ந்தோம் என்ற இடத்தில் பெற்றோர் பக்கத்திலிருந்து நல்ல கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தவன், "சூப்பர் மாமா" என்றான். அதில் என்ன அர்த்தம் என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்து மாசி மகம் வந்தது. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி வழக்கம்போல் கிள்ளைக்கு எழுந்தருளினார். தைக்காலில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்தார்கள். கோயில் மாலை தர்காவுக்குப் போனது. முழுக்குத்துறையில் தீர்த்தவாரி. தோள் இடிக்காமல் நிற்க இடமில்லை. கூட்டத்தில் பலூன், பொரி, பொம்மைத் துப்பாக்கி, பேரீச்சம்பழம்.

பேரீச்சம்பழம்தான் அந்த அபராதம். 1984-ல் பெரியவர்கள் தீர்த்தது: வருகிற மாசி மகத்துக்கு என் உண்டியல் காசில் அவனுக்கு அரைக் கிலோ. ஒரு வருஷத்துக்குத்தான் சொன்னார்கள். அவன் அடுத்த வருஷமும் வந்து கையை நீட்டினான். அதற்கடுத்த வருஷமும். சுனாமி முடிந்த அந்த மாசியில் மட்டும் அவன் வரவில்லை. நான் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன், வாங்கி வைத்துக்கொண்டான், பேசவில்லை. மற்றபடி விட்டதில்லை.

இந்த வருஷமும் கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வாங்கிப் பிரித்து, ஈ ஓட்டிக்கொண்டே ஒன்றை வாயில் போட்டான். அக்கா மகன் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நாப்பது வருஷத்துக்கு மேல, அரைக் கிலோ... இருபது கிலோவுக்கு மேல வருது மாமா. இத்தனைக்கு எவ்ளோ டைமண்ட் வாங்கலாம் தெரியுமா?" பிறகு முடசல்ஓடைக்காரனைப் பார்த்து, "அன்னைக்கு உங்களுக்கு ரிவைவ் யாரு மாமா குடுத்தது?"

"உங்க ஆயாதான். காப்பித்தூள வச்சு."

"இன்னும் எத்தனை வருஷம் வாங்குவீங்க?"

அவன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "தழும்பு மறையட்டும், விட்டுடுறேன்" என்று கொட்டையைத் துப்பிவிட்டு, "போன வருஷப் பழம் நல்லாருந்துச்சுடா, இது காஞ்சு கெடக்கு, மாத்தி வாங்கு" என்றான்.